பச்சைக்கு ஒரு வெயில்

என் தங்கை கோயம்புத்தூரில் இருந்த புகுந்த வீட்டை விட்டு பள்ளங்கிக்குத் திரும்பியபோது இரண்டு துணிப்பைகளும் ஒரு இக்வானாவும் கொண்டு வந்தாள். ஏன் வந்தாள் என்று கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கெல்லாம் அந்த இக்வானா உதவியாக இருந்தது. அவளைப் பற்றிச் சொல்ல நினைத்ததை அதைப் பற்றிச் சொன்னார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட பழமொழியை அந்த ஒரு வாரத்தில் ஐந்தாறு பேர் வாயிலிருந்து கேட்டேன். அந்தப் பழமொழியில் வேட்டி கட்டியவர்தான் ஓணானைத் தேடி எடுத்தவர் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இக்வானா நம் ஊர் ஓணானின் தூரத்துச் சொந்தம். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஆற்றங்கரை மரங்களில் வாழ்வது. நன்றாக வளர்ந்தால் வாலோடு சேர்த்து 5 அடிக்கு மேல் போகும், 15 வருடம், 20 வருடம் வாழும். முழுக்க இலை தழை தின்னும். தங்கை அதற்கு வைத்த பெயர் பச்சை. வந்தபோது பச்சை மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை இரண்டரை அடி இருந்தது.

அது வந்து சேர்ந்த இடம்தான் சிக்கல். பள்ளங்கியில் மார்கழி, தை மாத இரவுகளில் 8 டிகிரி, 9 டிகிரி சாதாரணம். பகலிலும் பனிமூட்டம் இறங்கிவிட்டால் கம்பளியைக் கழற்ற முடியாது. நமக்கு உடம்புக்குள்ளேயே ஒரு அடுப்பு எரிகிறது. சாப்பிட்ட சோற்றில் பெரும்பங்கை அந்த அடுப்புக்குத்தான் போடுகிறோம். ஊர்வனவற்றுக்கு அந்த அடுப்பு கிடையாது. சூட்டை வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இக்வானா தின்ற இலை அதன் குடலில் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டுத்தான் செரிக்கும். உடம்பு போதுமான அளவு சூடாகாவிட்டால் அந்தப் புளிப்பு நடக்காது. வயிறு நிறைய இலை இருந்தும் அது பட்டினி கிடக்கும். குளிர் அதற்கு வெறும் சங்கடம் இல்லை, பசி.

பழனி மலையிலேயே பிறந்து வளர்ந்த ஓணான்களும் அரணைகளும் இந்தக் குளிருக்குப் பழகியவை. காலையில் வெயில் படும் கல்லைத் தேடி உடம்பைத் தட்டையாக்கிப் படுத்துக்கொள்ளும், மேகம் வந்தால் புதருக்குள் போய் அசையாமல் இருக்கும். ஆனால் இந்நாட்டு உடும்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இக்வானா அயல்நாட்டு விலங்கு. அதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட விலங்குகளை வைத்திருப்பவர்கள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் குட்டி போட்டாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

தங்கை அந்தப் பதிவை அப்போதே செய்திருந்தாள். அந்தத் தாளை என்னிடம் காட்டியபோது, உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும் இருந்தது. எட்டு வருடக் குடித்தனத்தில் அவள் பெயர் தனியாக இருந்த ஒரே தாள் அதுதான். வீடு மாமனார் பெயரில், வண்டி கணவன் பெயரில், எரிவாயு இணைப்பு மாமியார் பெயரில். நகை யாருடையது என்பது இன்னும் முடியாத பேச்சு. "இத விட்டுட்டு வரச் சொன்னாங்கக்கா. இது மட்டும்தான் என்னோடதுன்னு எழுதியே இருக்கு, எப்படி விடுறது?" என்றாள்.

அந்த வீட்டில் பச்சையின் விளக்குதான் முதல் சண்டை என்று பிறகு சொன்னாள். அவள் வேலைக்குப் போனதும் யாராவது சுவிட்சை அணைத்துவிடுவார்கள். மின்கட்டணம் கூடுகிறது என்பது காரணம். மாலை வந்து போடுவாள், மறுநாள் மறுபடி அணைந்திருக்கும். யார் அணைத்தது என்று கேட்டால் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில மாதங்களில் பச்சையின் தாடை மெத்தென்று ஆகி, பின்னங்கால்கள் வீங்கின. சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரவில்லை, எலும்பு கரைகிறது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். பார்த்தால் கால் கொழுத்திருப்பதுபோலத் தெரியும். வீட்டில் "நல்லாத்தானே தின்னு கொழுத்திருக்கு" என்றார்களாம். அந்த வாக்கியம் தனக்கும் பொருந்தும் என்று தங்கை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூண்டு எங்கே வைப்பது என்பதை அம்மாதான் முடிவு செய்தாள்.

"ஏண்டி, இதுக்கு எவ்வளவு சூடு வேணும்?"

"பகல்ல ஒரு பக்கம் முப்பத்தஞ்சு டிகிரி இருக்கணும்மா."

"டிகிரியெல்லாம் எனக்குத் தெரியாது. கைய வச்சா எப்படி இருக்கணும்னு சொல்லு."

தங்கை கொஞ்சம் யோசித்து, "சித்திரை மாசம் மத்தியானம் நம்ம வாசக்கல்லுல உக்காந்தா எப்படி இருக்கும், அப்படி" என்றாள். அம்மா எழுந்து போய்ப் பூண்டுக் கட்டுகள் தொங்கும் அறையைத் திறந்தாள். அந்த அறையின் ஒரு சுவருக்குப் பின்னால்தான் சமையலறை அடுப்பு. நாற்பது வருடமாக அந்தச் சுவர் எந்நேரம் எவ்வளவு சூடாக இருக்கும் என்பது அவள் முதுகுக்குத் தெரியும். புகை அந்தப் பக்கம் வராது, சூடு மட்டும் சுவர் வழியாக வரும். வெளிச்சுவரும் சன்னலும் எதிர்ப்பக்கம். பூண்டை வேறு இடத்துக்கு மாற்றினாள். இந்த மலைப்பூண்டுதான் எங்களுக்குச் சோறு. அதை அவள் யாருக்காகவும் நகர்த்தி நான் பார்த்ததில்லை.

கூண்டு 6 அடி உயரம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழம். இக்வானா மரத்தில் ஏறுவது என்பதால் உயரம் முக்கியம். மூன்று பக்கமும் ஒட்டுப்பலகை, அதன் வெளிப்புறம் தெர்மகோல், முன்பக்கம் பாதி வலை, பாதி கண்ணாடிக் கதவு. உள்ளே பேரி மரக் கிளைகளைக் குறுக்காகப் பொருத்தினோம். வலது மூலையில் மேலே சூடு, இடது மூலையில் கீழே குளிர்ச்சி.

சூட்டுக்கு 100 வாட் குண்டு பல்பு. இப்போது கடையில் பல்பு கேட்டால் எல்இடிதான் எடுத்துத் தருகிறார்கள். எல்இடி வெளிச்சம் தரும், அந்த அளவுக்குச் சூடு தராது. மின்சாரத்தைச் சூடாக வீணடிக்கிறது என்று ஒதுக்கப்பட்ட பழைய பல்புதான் நமக்கு வேண்டியது. கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்கு விற்கும் கடையில் கிடைத்தது. ஹோல்டர் பீங்கானில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் நாள் முழுக்க எரிந்தால் இளகிவிடும். இரவுக்கு பீங்கானாலேயே செய்த ஹீட்டர் பல்பு உண்டு. அது வெளிச்சமே தராமல் சூடு மட்டும் தரும். இரவு இருட்டாக இருப்பதும் அந்த உயிருக்கு வேண்டியது. அது திருகு மாட்டும் வகை, நம் வீடுகளில் இருக்கும் பின் ஹோல்டரில் நிற்காது. தனியாகத் திருகு ஹோல்டர் வாங்க வேண்டும். பச்சை தாவிப் பிடித்துச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க இரண்டையும் சுற்றிக் கம்பி வலைக்கூடு.

சூட்டை மட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், முட்டை பொரிக்கும் பெட்டி செய்கிறவர்கள் வாங்கும் அதே சிறிய பெட்டி. அதன் உணர்கம்பியைச் சூடான பக்கக் கிளையை ஒட்டிக் கட்டினோம். இரவில் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் எரியும், ஏறினால் அணையும். சூடான மூலையில் ஒரு வெப்பமானி, குளிர்ந்த மூலையில் ஒன்று. ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொன்னார். நடுவில் தொங்கும் ஒரே வெப்பமானி ஒரு சராசரியைத்தான் சொல்லும். பச்சை சராசரியில் வாழ்வதில்லை.

பனிமூட்டம் நிறைந்த ஊரில் ஈரப்பதத்துக்குப் பஞ்சமிராது என்று நினைக்கத் தோன்றும். குளிர்ந்த ஈரக்காற்றைச் சூடாக்கினால் அது வறண்ட காற்றாகிவிடும். அதனால் காலையிலும் மாலையிலும் வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளிக்கிறோம். தீனிக்குச் சௌசௌ தளிர், செம்பருத்தி, பீன்ஸ், பூசணி. கீழேயிருந்து யாராவது வந்தால் முருங்கைக்கீரை.

வெளிச்சம் தனிக் கதை. தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருள் மீது வெயிலின் புறஊதா பி கதிர் பட்டால்தான் வைட்டமின் டி உருவாகத் தொடங்கும். அதை முடித்து வைப்பது உடம்பின் சூடு. வைட்டமின் டி இருந்தால்தான் குடல் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, சூடு மட்டும் இருந்து கதிர் இல்லாவிட்டாலும் எலும்பு கரையும், கதிர் இருந்து சூடு இல்லாவிட்டாலும் கரையும். சாதாரணச் சன்னல் கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும். சன்னலோரம் வெயிலில் வைத்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். அதற்கென்று புறஊதா பி தரும் குழல்விளக்கு இருக்கிறது. 24 வாட் விளக்கு ஒன்றை பச்சை படுக்கும் கிளைக்கு ஒரு அடிக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் கண்ணாடி இல்லாமல், பொருத்தினோம். வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். வெள்ளை வெளிச்சம் அப்படியே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும்.

இந்தக் கண்ணாடிப் பிரச்சினையை நூறு வருடத்துக்கு முன் யோசித்த ஒரு பெண்ணைப் பற்றி தங்கைதான் எனக்குச் சொன்னாள். ஜோன் பீச்சம் ப்ராக்டர், 1897இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே தீராத குடல் நோய். அதனால் பல்கலைக்கழகப் படிப்பு வாய்க்கவில்லை. பள்ளி நாட்களிலேயே பல்லிகளும் பாம்புகளும் வளர்த்தார். 1923இல் லண்டன் விலங்குக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். அங்கே 1927இல் திறக்கப்பட்ட ஊர்வன இல்லம் அவர் வடிவமைத்தது. முழுக் கட்டடத்தையும் ஒரே சூட்டில் வைக்காமல் ஒவ்வொரு கூண்டுக்கும் அதனதன் உயிருக்கு ஏற்ற சூடு, புறஊதாக் கதிரை உள்ளே விடும் தனி வகைக் கண்ணாடி, பார்வையாளர் நிற்கும் இடம் இருட்டாகவும் கூண்டு வெளிச்சமாகவும் இருக்கும் ஏற்பாடு என்று எல்லாம் அவர் கணக்கு. கொமோடோ டிராகன் ஒன்றை மனிதர்களோடு பழக்கி அறிவியல் கூட்டத்துக்கே அழைத்துச் சென்றார். 1931இல், 34 வயதில் இறந்துபோனார். நாள்பட்ட வலியோடு வாழ்ந்த ஒருத்திக்கு, ஒரு உடம்பு தனக்கு ஏற்ற இடத்தில் இருப்பதன் அருமை தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மேகம் இல்லாத நாட்களில் பச்சையை வலைக்கூண்டில் முற்றத்துக்குக் கொண்டுவருவோம். உயரம் 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும் என்பார்கள். மலை வெயில் குளிராக இருந்தாலும் கதிர் நிறைந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் இந்த மலைக்கு வந்ததற்கும் இங்கே கிடைக்கும் தெளிந்த வானம்தான் காரணம். சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை 1909இல் அங்கே கண்டுபிடித்த ஜான் எவர்ஷெட் பெயரில் 'எவர்ஷெட் விளைவு' இருக்கிறது. அவர் மனைவி மேரியும் அங்கிருந்தே சூரியத் தீப்பிழம்புகளை ஆராய்ந்தார், 1913இல் தன் பெயரில் கட்டுரையும் வெளியிட்டார். சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒரு எவர்ஷெட்டைத்தான் தெரியும்.

இந்தக் கூண்டு வேலையில் எனக்கு அதிகம் யோசனை தந்தது வாட் கணக்கு இல்லை, இரண்டு மூலைகள். ஊர்வன வளர்ப்பில் முதல் விதியே கூண்டு முழுக்க ஒரே சூடாக இருக்கக் கூடாது என்பதுதான். 35 டிகிரி நல்லது என்று கூண்டு முழுவதையும் 35 டிகிரியாக வைத்தால் அந்த உயிர் செத்துப்போகும். வேண்டும்போது சூட்டுக்குப் போகவும், போதும் என்றால் விலகி வரவும் அதற்கு இடம் இருக்க வேண்டும். எவ்வளவு சூடு என்பதை நாம் முடிவு செய்வதில்லை, போக ஒரு இடமும் வர ஒரு இடமும் செய்து தருகிறோம். மீதியை அது பார்த்துக்கொள்ளும். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "அதத்தான சொல்றேன். ஒரு பக்கம் சுடட்டும், ஒரு பக்கம் ஆறட்டும், அதுவா போய்க்கும்" என்றாள்.

தங்கையின் புகுந்த வீட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அங்கே என்ன குறை? குறை ஒன்றும் இல்லை. மாடி வீடு, கார், குளிர்சாதனப் பெட்டி. அடித்தானா, குடித்தானா என்ற கேள்விகளுக்கு இல்லை என்பதுதான் பதில். ஆனால் அந்த வீட்டில் அவள் விலகிப் போக ஒரு மூலை இருந்ததில்லை. கதவைச் சாத்தினால் ஏன் சாத்தினாய், மொட்டை மாடியில் நின்றால் யாரைப் பார்க்கிறாய், அம்மா வீட்டுக்கு இரண்டு நாள் என்றால் யார் சமைப்பது. பெண்ணுக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று நாம் சொல்லும்போது அந்த இடத்தின் சராசரியைத்தான் பார்க்கிறோம். அவள் அதற்குள் நகர முடியுமா என்று பார்ப்பதில்லை.

ஊர்வனவற்றுக்குச் சூடேறிய கல்லை அடியில் வைக்கக் கூடாது என்று இன்னொரு விதி. சூட்டை மேலிருந்து, வெயில்போல வாங்கித்தான் அவற்றுக்குப் பழக்கம். வயிற்றுக்கு அடியில் சுடுவதை அவை உடனே உணர்வதில்லை, தோல் வெந்த பிறகும் அங்கேயே படுத்திருக்கும். தங்கை இதை எனக்கு விளக்கிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு, "எட்டு வருஷம்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து, ஒரு முழு இரவு மின்சாரம் இல்லை. சூடான மூலை 17 டிகிரிக்கு இறங்கியது. தங்கைக்குக் கை நடுங்கியது. அம்மா அடுப்பை மூட்டித் தண்ணீர் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றி, பழைய கம்பளிக் காலுறைகளில் போட்டாள். ஒவ்வொன்றையும் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கூண்டுக்குள் வைத்தாள். மேலே சமக்காளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டிலை மாற்றினாள். கரிச்சட்டி வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "மூடின ரூம்ல கரி வச்சா அதுவும் சாகும், நாமளும் சாவோம்" என்றாள்.

அன்றிரவுதான் தங்கை பிறந்த கதையை முழுதாகச் சொன்னாள். குறைமாதப் பிள்ளை. அப்போது மழை, வண்டி இல்லை. அம்மா ரவிக்கைக்குள் பிள்ளையை நெஞ்சோடு ஒட்டிவைத்துக் கட்டிக்கொண்டு, அடுப்புச் சுவரில் சாய்ந்தபடியே ஒரு மாதம் உட்கார்ந்திருக்கிறாள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் பற்றாக்குறையால் மருத்துவர்கள் இதே முறையைக் கைக்கொண்டதும், அதற்குக் கங்காரு முறை என்று பெயர் வந்ததும், உலகமெங்கும் பரவியதும் நான் புத்தகத்தில் படித்தவை. அம்மாவுக்கு அது பெயரில்லாத வேலை. பெயரில்லாத வேலையைப் பெண்களின் இயல்பு என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபம். முழங்கையின் உட்பக்கத் தோல் கைத்தோலைவிட நன்றாகச் சூட்டைச் சொல்லும் என்பது இயல்பு இல்லை, அறிவு. அவள் அதைக் கற்றிருக்கிறாள்.

மின்கட்டணம் வந்தது. பல்பு, குழல்விளக்கு, ஹீட்டர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 2.4 யூனிட், இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 145 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்ற கணக்கோடு வாழ்ந்த வீடு அது. சித்தப்பா ரசீதைக் கையில் எடுத்து, "மனுசனுக்கே இங்க ஹீட்டர் இல்ல, ஓணானுக்கு ஹீட்டரா?" என்றார். தங்கை தையல் வேலையில் வந்த பணத்திலிருந்து அந்த 145 யூனிட்டுக்கான தொகையைத் தனியாக எடுத்து வைத்தாள். ஆனால் சித்தப்பா சொன்னதன் முதல் பாதி என் மனதில் நின்றது. மனிதர்களுக்கு ஏன் இல்லை?

மூன்றாவதாக ஒரு வெப்பமானி வாங்கி, அம்மா விடியற்காலையில் பாத்திரம் தேய்க்கும் பின்கட்டில் மாட்டினேன். தை மாதம், காலை 5 மணி: காற்று 9 டிகிரி. தொட்டித் தண்ணீர் 10. அந்தத் தண்ணீரில் அவள் ஒரு மணி நேரம் கை வைத்திருக்கிறாள். அவள் விரல் முட்டிகள் வீங்கியிருப்பதை வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு வாரம் எழுதி வைத்த எண்களை மதியச் சாப்பாட்டின்போது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அம்மா குளிர்கிறது என்று நாற்பது வருடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருப்பாள். எண் சொன்னபோதுதான் கேட்டார்கள். அது எனக்குச் சந்தோஷத்தையும் எரிச்சலையும் ஒன்றாகத் தந்தது. பின்கட்டுக்குத் தகரக் கூரையும் மறைப்பும் வந்தன, அடுப்பிலிருந்து வெந்நீர்த் தொட்டிக்கு ஒரு குழாயும் வந்தது.

பச்சையின் பின்கால் வீக்கம் வடிந்துவிட்டது. தாடை கெட்டிப்பட்டிருக்கிறது. லேசாக வளைந்தது அப்படியேதான் இருக்கும். பெண் என்பது இப்போது உறுதி. பெண் இக்வானா ஆண் துணை இல்லாமலேயே முட்டையிடக்கூடும். அந்த முட்டை பொரியாது, ஆனால் இட மண் இல்லாவிட்டால் உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும் என்பதால் ஈர மணல் நிரப்பிய தொட்டி ஒன்றைக் குளிர்ந்த மூலையில் வைத்திருக்கிறோம். பார்க்க வரும் பெண்கள் தவறாமல், "ஒத்தையாவா வச்சிருக்க? ஒரு ஜோடி சேத்துவிடக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். "அதுக்குச் சூடுதான் வேணும், ஜோடி வேண்டாம்" என்பது தங்கையின் பதில். இந்த விலங்கை இனி யாரும் காசு கொடுத்து வாங்காதீர்கள், குளிர் ஊரில் நிச்சயமாக வேண்டாம் என்பதையும் அவளே சேர்த்துச் சொல்கிறாள். வந்துவிட்டதைக் காப்பாற்றுவது வேறு.

தங்கைக்குப் பழனியில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. கீழே வெயில் உண்டு, பாதி ஹீட்டர் தேவைப்படாது. வாடகை வீடு பார்த்தபோது தண்ணீர், கழிப்பறை எல்லாம் கேட்ட பிறகு, மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.